ஏழு வாசலும் ஒரு தாயும்

"சேவைகள் எல்லாம் இருக்கின்றன, அவற்றைப் பெற்றுக்கொள்ளச் சனங்களுக்குத்தான் தெரியவில்லை." அண்மையிலே நடந்த ஒரு கூட்டத்திற் கற்றறிந்த பெரியவர் ஒருவர் இவ்வாறு திருவாய் மலர்ந்தருளினார். சபையிலிருந்தோர் தலையசைத்தனர். தலையசைத்தவர்களுள் என் சகபாடிகளான ஆசிரியர்களும் இருந்தனர். அவர் பெயர் நமக்கு வேண்டா, கருத்துத்தான் வேண்டும். ஏனெனில் அது தனி ஒருவரின் கருத்தன்று. உத்தியோகம் பார்க்கும் வர்க்கம் முழுவதும் தன் மனச்சாட்சியை உறங்கவைப்பதற்குப் பாடும் தாலாட்டு. அத்தாலாட்டுக்கு ஒரு தாயின் கதையை மறுமொழியாக வைக்க விரும்புகின்றேன்.

வன்னியிலே நான் படிப்பிக்கும் பள்ளியிற் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி, 2025 ஆம் ஆண்டின் முற்பகுதியிலே, கிழமைக்கு இரண்டு நாள் வராதிருந்தாள். வீடு தேடிப் போனோம். தறப்பாளும் தகரமும் கொண்டு மறைத்த ஒரு கொட்டில். 2009 இன் தொடக்கத்திலே, ஷெல் விழுந்துகொண்டிருந்த மண்ணிற் பிறந்தவள் அப்பிள்ளை. அவளுக்கு மூன்று மாதம் ஆகுமுன் தகப்பன் காணாமற் போனார். தாய்க்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. செயற்கைக் காலோ அளவு மாறிப் புண்ணாக்குகிறது. பாட்டனார் படுக்கையில். குடியிருக்கும் காணிக்குப் பத்திரமில்லை. கச்சான் வறுத்துச் சரை கட்டி விற்பதே சீவனம். போதாக்குறைக்கு நுண்கடன் ஒன்று. பிள்ளை பள்ளிக்கு வராத நாட்கள், தாய் கந்தோருக்குப் போன நாட்கள். பாட்டனாரைப் பார்க்க வேறு ஆளில்லை.

இத்துன்பங்களை ஒவ்வொன்றாக எண்ணினால் ஆறோ ஏழோ வரும். ஆனால் அவை ஏழு துன்பங்களல்ல. ஒரே கயிற்றின் ஏழு முடிச்சுகள். சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை வேண்டும். அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். போர்க்களத்திற் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புப் பதிவில்லை. ஒரு சத்தியக்கடதாசியின் பேரிலே பள்ளியிற் சேர்க்கப்பட்டவள் அவள். காலம் பிந்திய பிறப்புப் பதிவுக்குப் பெற்றோரின் விவாகச் சான்றிதழைக் கேட்கிறார்கள். அது இடப்பெயர்விலே தொலைந்தது. தகப்பனின் விபரத்தைக் கேட்கிறார்கள். தகப்பன் எங்கே என்பதைத்தானே அந்தப் பெண் பதினாறு ஆண்டுகளாக நாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்! இறந்தார் என்று கூறாது காணப்படவில்லை என்று மட்டும் கூறும் சான்றிதழொன்றை வழங்க 2016 இலே சட்டம் செய்தார்கள். அதை வாங்கினால் கணவனைக் கைவிட்டதாகிவிடுமோ என்று அவர் அஞ்சுகிறார். அவ்வச்சத்தோடு பேசி இருக்கவேண்டியவர் உளவளத்துணை உத்தியோகத்தர். அவருடைய மேசைக்கும் பதிவாளர் பிரிவின் மேசைக்கும் இடையே பத்து யார் தூரந்தான். எனினும் இந்தத் தாயின் விடயம் அந்தப் பத்து யாரையும் ஒருநாளும் கடந்ததில்லை.

கிராம அலுவலர், பதிவாளர் பிரிவு, நலன்புரிப் பிரிவு, சமூக சேவைகள் பிரிவு, காணிப் பிரிவு, மகளிர் அபிவிருத்திப் பிரிவு, வைத்தியசாலை என ஏழு வாசல். ஒவ்வொன்றிலும் அதே நான்கு கடதாசிகளின் நிழற்பிரதி; அதே கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்லுதல்; அதே கண்ணீர். பதினொரு மாதத்தில் அவர் பத்தொன்பது தரம் போய்வந்தார் என்று கணக்குப் பார்த்தோம். ஒரு நாட் கச்சான் வியாபாரம் போனால் 1,200 ரூபா நட்டம். பஸ்ஸுக்கும் பிரதி எடுப்பதற்கும் 300 ரூபா. ஆக 28,500 ரூபா. 'வறியோர்' என்ற வகுப்பினருக்கு அஸ்வெசும 2023 இலே தொடங்கியபோது விதித்த மாதக் கொடுப்பனவு 8,500 ரூபா. அதன்படி மூன்று மாதத்துக்கு மேற்பட்ட உதவிப்பணத்தை, இலவசச் சேவை பெறுவதற்காக அந்த ஏழை முற்பணமாகக் கட்டிவிட்டார். இதன் பின்னும் சனங்களுக்குத் தெரியவில்லை என்கிறார் நம் பெரியவர். அந்தத் தாய்க்குத் தெரியாத கந்தோர் இப்பிரதேசத்தில் இல்லை. கந்தோர்களுக்குத்தான் அந்தத் தாயைத் தெரியாது.

"சேர், எல்லாரும் நல்லாத்தான் கதைச்சவை. ஆனா இது என்ர வேலை எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை" என்றார் அவர். நூறு அறிக்கைகள் சொல்லாத உண்மையை அந்த ஒரு வாக்கியம் சொல்லிற்று.

ஒன்றை மறைக்கலாகாது. இக்குடும்பத்தின் நிலையை முற்றாக அறிந்த ஒருவர் உண்டு. யார் சம்பாதிக்கிறார், யார் நோயாளி, எந்த நாளிற் கையிற் காசிருக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கிழமை தவறாது வீட்டு வாசலுக்கே வருகிறார். கையிலே ஒரே ஒரு கொப்பி. ஆள் மாறினாலும் கொப்பி மாறுவதில்லை. அவர்தாம் நுண்கடன் நிறுவனத்தின் வசூலிப்பாளர்! வரட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிலே பெண்களின் ஓர் இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு 2018 இல் முன்வந்ததும், கடன்பட்ட பெண்கள் 2021 இலே ஹிங்குராக்கொடையிற் சத்தியாக்கிரகம் இருந்ததும் நாடறிந்தவை. இலாபத்துக்காக ஒரு குடும்பத்தை முழுமையாக நோக்க முடியுமாயின், நீதிக்காக நோக்க ஏன் முடியாது? கறப்பவனுக்குக் கைகூடும் ஒழுங்கு காப்பவனுக்கு ஏன் கைகூடவில்லை?

உத்தியோகத்தரைத் தனித்தனியே குற்றஞ்சாட்டுவது எளிது; அது பிழையும்கூட. அவர்களுட் பலர் நல்லவர்கள். சிலர் என் மாணவர்கள். குற்றம் அமைப்பில் இருக்கிறது. அவ்வமைப்புக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஜெனிங்ஸ் தலைமையிலான சமூக சேவைகள் ஆணைக்குழு 1947 இல் அறிக்கை தந்தது; 1948 இலே சமூக சேவைத் திணைக்களம் தோன்றிற்று. 1963 இலே விதானைமார் போய்க் கிராம சேவகர் வந்தனர். 1987 இன் 13 ஆம் திருத்தம் சில கருமங்களை மாகாணத்துக்குக் கொடுத்தது. சிலவற்றை மத்தி தன்னிடமே வைத்துக்கொண்டது. 1992 இன் சட்டம் பிரதேச செயலாளரிடம் அதிகாரங்களைக் கையளித்து, நிருவாகத்தை மக்களின் காலடிக்குக் கொண்டுவந்ததாகக் கூறிற்று. ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு பதவி முளைத்தது. முன்னையதை இணைத்தோமா என்று எவரும் பார்க்கவில்லை. இன்று ஒரு பிள்ளை துன்பப்பட்டால், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் மத்திக்கு அறிக்கை எழுதுகிறார். நன்னடத்தை உத்தியோகத்தர் மாகாணத்துக்கு எழுதுகிறார். பள்ளியோ வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதுகிறது. மூன்று கடிதங்களும் மேலே போகின்றன. பக்கவாட்டிலே ஒன்றும் போவதில்லை. அதிகாரம் மேல்நோக்கிப் பதில் சொல்லுகிறது. துன்பமோ பக்கவாட்டிற் படர்கிறது.

அஸ்வெசுமவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பத்தின் வறுமையை அளக்கக் கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என ஆறு துறைகளிலே 22 குறிகாட்டிகளை அத்திட்டம் வைத்தது. வறுமை பல முகங்கொண்டது என்பதை அரசே இதனால் ஒப்புக்கொண்டது. நல்லது. ஆனால் ஆறு துறைகளிற் கேள்வி கேட்டவர்கள் ஒரே துறையில் விடை தருகிறார்கள்: வங்கிக் கணக்கில் ஒரு தொகை. வீட்டில் ஊனமுற்றவர் இருக்கிறாரா என்று கேட்டுப் புள்ளியிட்ட படிவம், அவருக்குப் புதுக் கால் வேண்டுமென்று வைத்தியசாலைக்குச் சொல்வதில்லை. பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்று கேட்ட படிவம், போகவில்லை என்று அதிபருக்குச் சொல்வதில்லை. துன்பம் முழுவதும் ஒரே கடதாசியிற் கொழும்புக்குப் போய், ஓர் இலக்கமாகத் திரும்பி வருகிறது. நோயறிந்த வைத்தியன் மருந்து எழுதாமல் மார்க்கு இட்டு அனுப்பியது போலாகும் இது.

"அதற்குத்தானே ஒருங்கிணைப்புக் குழு இருக்கிறது" என்பார்கள். இருக்கிறது. பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவிலே வீதியும் குளமும் மணலும் பேசப்படுகின்றன, அரசியல்வாதிகள் அதிகாரிகளை அதட்டுகிறார்கள், படம் எடுக்கப்படுகிறது. உத்தியோகத்தர் மட்டத்திற் கூடும் கூட்டங்களும் உண்டு. வருகை இடாப்பிலே ஒப்பம், தேநீர், றோல்ஸ், அவரவர் திணைக்களத்தின் முன்னேற்ற அறிக்கை, அடுத்த கூட்டத்துக்குத் திகதி. அறிக்கைகள் சந்தித்துக்கொள்கின்றன, குடும்பங்கள் சந்திக்கப்படுவதில்லை. கூட்டம் கூடுவதை ஒருங்கிணைப்பு என்று எண்ணுவது, சமையற்காரர் பலர் கூடிப் பேசுவதைச் சோறு என்று எண்ணுவதற்கு ஒப்பாகும்.

அப்படியாயின் ஒருங்கிணைப்பு என்பது யாது? அதைக் கற்க நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. 1926 இலே களுத்துறையில் இந்நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது. அம்மரபில் வளர்ந்தவரே நம் ஊர் மருத்துவமாது. அவருக்கென்று ஓர் எல்லை. அவ்வெல்லையிற் கருவுற்ற ஒவ்வொரு பெண்ணும் அவர் பொறுப்பு. தாய் தேடி வரும்வரை அவர் காத்திருப்பதில்லை. தாமே வீடு தேடிப் போகிறார். நிறை, இரத்த அழுத்தம், சத்துமா, தடுப்பூசி, கணவனின் குடி, வீட்டுக் கிணறு எல்லாம் அவர் கண்ணிற் படுகின்றன. தம்மால் இயலாததைச் சுகாதார வைத்திய அதிகாரியிடம் சேர்ப்பிக்கிறார். பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேடு தாயின் கையிலேயே இருக்கிறது. எந்த ஆசுப்பத்திரிக்குப் போனாலும் அது பேசும். பிரசவ மரணம் தென்னாசியாவிலே மிகக் குறைந்த நாடுகளுள் ஒன்றாக இந்நாடு உயர்ந்ததற்கு வைத்திய நிபுணர்கள் மட்டும் காரணரல்லர். பொறுப்பு இன்னாருடையது என்று வரையறுத்த அந்த எளிய ஒழுங்கும் காரணம். பிள்ளைக்கு ஐந்து வயதாகும்வரை இக்குடும்பத்தை ஒருவர் தம் பொறுப்பாக நினைத்தார். அதன் பின் நினைப்பதற்கு ஆளில்லை. மருத்துவமாதின் கொப்பி முடிந்த இடத்திலே கடன்காரனின் கொப்பி தொடங்கிற்று.

பிறநாட்டாரும் இவ்வழியைக் கண்டுள்ளனர். சிலி நாட்டிலே 2002 இல் தொடங்கிய 'சிலி சொலிடாரியோ' திட்டம், மிக வறிய குடும்பங்களிடம் ஒரு துணைவரை இரண்டாண்டுக் காலம் வீட்டுக்கே அனுப்பிற்று. ஏழு துறைகளில் 53 குறைந்தபட்ச நிலைமைகள் வகுக்கப்பட்டன. அவற்றுள் முதலாவது துறை அடையாள ஆவணங்கள்! கேரளத்திலே 2021 இலே தொடங்கிய அதிவறுமை ஒழிப்புத் திட்டம் 64,006 குடும்பங்களை இனங்கண்டு, உள்ளூராட்சி மன்றங்களின் மூலம் குடும்பத்துக்கொரு நுண்திட்டம் வகுத்தது. 2025 நவம்பர் 1 இலே அதிவறுமை ஒழிந்தது என்று அம்மாநில அரசு செய்த பிரகடனத்தைப் பொருளியலாளர் சிலர் வினாவினர், வினாவட்டும். குடும்பத்துக்கொரு திட்டம் என்ற நெறியை அவ்வினா பொய்யாக்காது.

இனி, ஆட்சேபங்கள். முதலாவது ஆட்சேபம் நம் மண்ணிலிருந்தே எழுவது. அதை நான் மதிக்கின்றேன். "ஒரு குடும்பத்தின் முழு விபரத்தையும் ஒரே கோவையில் அரசிடம் கொடுப்பதா? போர் முடிந்த பின் எத்தனை தரம் பதிந்தார்கள், எத்தனை பேர் வந்து குறித்துக்கொண்டு போனார்கள் என்பதை மறந்தீரோ?" மறக்கவில்லை. உதவிக்கென்று திறந்த கோவை உளவுக்குப் போகுமாயின், அதைவிட ஏழு வாசலே மேல். ஆகவேதான் மருத்துவமாதின் பதிவேட்டை முன்மாதிரியாகக் காட்டினேன். கோவை தாயின் கையில் இருக்கவேண்டும். எவர் பார்க்கலாம், எவர் பார்க்கலாகாது என்பதைத் தாயே தீர்மானிக்கவேண்டும். சீருடைக்காரருக்கு அதில் வேலையில்லை என்று சட்டம் எழுதவேண்டும்.

இரண்டாவது ஆட்சேபம் என் தோழர்களுடையது. "இது சீர்திருத்தவாதம். காணியற்றவனுக்குக் காணியும் உழைப்பவனுக்கு ஊதியமும் வேண்டும், நீரோ கந்தோர் மேசைகளை ஒழுங்குபடுத்தப் பார்க்கிறீர்" என்கிறார்கள். காணி வேண்டும் என்பதை எவர் மறுத்தார்? ஆனால் கேளுங்கள் தோழர்களே: ஏழு வாசலில் நிற்பவர் யார்? பணமும் சாதியும் செல்வாக்கும் உடையவனுக்கு இந்நாட்டில் ஒரே வாசல்தான். அதுவும் தொலைபேசியால் திறக்கும். காணியற்றவரும், ஒடுக்கப்பட்ட சாதியினரும், ஆண் துணையற்ற பெண்களுமே வரிசையில் நிற்கின்றனர். சிதறிய நிருவாகம் வர்க்கத்துக்கு வெளியே மிதக்கும் வெறும் குழப்பமன்று. அது வர்க்க ஆட்சியின் ஒரு கருவி. களைத்துப்போனவன் போராடமாட்டான். பத்தொன்பது நாளைக் கந்தோரில் தொலைத்த பெண்ணுக்குச் சங்கக் கூட்டத்துக்கு வர நாளேது?

மூன்றாவதாக ஓர் எச்சரிக்கை. 'ஒருங்கிணைப்பு' என்ற சொல்லைச் செலவுக் குறைப்புக்கு முகமூடியாக அணிந்து வருவார்கள். இரண்டு உத்தியோகத்தரை ஒருவராக்கிவிட்டு ஒருங்கிணைத்தோம் என்பார்கள். வெறும் பானைகளை ஒரே அடுப்பில் ஏற்றினாற் சோறு வேகாது. காலுக்குப் பணமும் காணிக்குப் பத்திரமும் உள்ளே இல்லாவிடில் ஒரே வாசலும் அடைத்த வாசலே.

ஆகவே நாம் கேட்பது கருணையன்று. திட்டவட்டமான ஐந்து உரிமைகள். பல துன்பங்கள் ஒருங்கே சூழ்ந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் பெயர் குறித்த ஓர் உத்தியோகத்தர் பொறுப்பாக இருக்கவேண்டும். அவர் வீட்டுக்கு வரவேண்டும். மாற்றம் பெற்றால் அடுத்தவரிடம் ஒப்பமிட்டுக் கையளிக்கவேண்டும். ஒரு கந்தோர் பார்த்து உறுதிப்படுத்திய ஆவணத்தை மற்றொரு கந்தோர் மீண்டும் கேட்கலாகாது. மத்தி என்றும் மாகாணம் என்றும் பாராது, குடும்பத்தின் விடயம் பேசப்படும் மேசையில் அக்குடும்பத்தவர் ஒருவருக்கு நாற்காலி வேண்டும். பஸ் காசு முதலாய சிறு தேவைகளை உடனே தீர்க்க அந்த உத்தியோகத்தரின் கையில் ஒரு சிறு நிதி வேண்டும். ஆசிரியரோ மருத்துவமாதோ ஒரு குடும்பத்தைக் குறித்து எழுதினால், குறித்த நாட்களுக்குள் எழுத்தில் பதில் வரவேண்டும்.

இவை கனவுகளா? அந்த மாணவியின் கதை எப்படி முடிந்தது என்று சொல்லுகிறேன். பதினொரு மாதம் அசையாத பிறப்புப் பதிவு, பன்னிரண்டாம் மாதத்திலே மூன்று கிழமைக்குள் முடிந்தது. இளம் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவர் அக்கோவையைத் தம் மோட்டார்ச் சைக்கிளிற் கொண்டு திரிந்தார். கிராம அலுவலரின் அறிக்கையைத் தாமே வாங்கினார். பதிவாளரின் மேசையிற் காத்திருந்தார். சத்தியக்கடதாசியைத் தாமே எழுதுவித்தார். அது அவருடைய கடமையென்று எந்தச் சுற்றறிக்கையும் கூறவில்லை. பிள்ளை பரீட்சை எழுதினாள். காலும் காணியும் கடனும் இன்னும் அப்படியே இருக்கின்றன. ஏனெனில் அந்த உத்தியோகத்தர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். இரக்கம் இடமாற்றம் பெறும். கடமையாக எழுதப்பட்டதே ஊரில் நிலைக்கும்.

இன்னொன்றையும் சொல்லாது விடின் நான் நேர்மையற்றவனாவேன். அப்பிள்ளைக்கு ஒரு தமையன் உண்டு. 2020 இலே, கொரோனாவுக்குப் பூட்டிய பள்ளி திறந்தபோது, அவன் திரும்பி வரவில்லை. ஒன்பதாம் வகுப்பு, பதினான்கு வயது. பதினாறு வயதுவரை கல்வி கட்டாயம் என்று நாட்டின் சட்டம் கூறுகிறது. அவனுடைய வகுப்பாசிரியன் நான். மூன்று மாதம் பார்த்தேன். பின்னர் இடாப்பிலே அவன் பெயருக்கு நேரே 'இடைவிலகல்' என்று ஒரு சொல்லை எழுதி, சிவப்பு மையாற் கோடிட்டேன். வீடு தேடிப் போகவில்லை. அது என் வேலையென்று நானும் நினைக்கவில்லை. இன்று அவன் மணல் ஏற்றும் லொறியில் நிற்கிறான். தங்கையைப் பார்க்கப் போன அன்றுதான் அவன் முகத்தை மீண்டும் கண்டேன். "வாங்கோ சேர்" என்று சொல்லி, இருந்த ஒரே கதிரையை எனக்குத் துடைத்து வைத்தான்.

எட்டாவது வாசல் நம்முடையது. அதை முதலிலே திறப்போம். பின்னர் மற்ற ஏழையும் தட்டுவதற்கு நமக்கு உரிமை உண்டு.